ஒரு ஜுப்பாவுக்குள் இரண்டு ஜின்

சுல்பிகாவின் வீட்டில் ஜின் இருக்கிறது என்று சொல்லித் திரிந்தவர்களில் ஒருவர்கூட அந்த வீட்டுக்கு ஒரு கல் சுமந்தவர் இல்லை. சுமந்தவள் அவள். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள் நான். ஆகவே இதைச் சொல்ல எனக்குத்தான் உரிமை. வேறு விதமாகக் கேள்விப்பட்டவர்கள் அதைத் தங்களோடு வைத்துக்கொள்ளட்டும்.

கல்முனைக்குடியில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் இருவரின் வளவுகளும் ஒட்டியபடி இருக்கின்றன. சுல்பிகா அபாயா தைக்கிறவள். பெருநாள் மாதத்தில் அவளுடைய மெஷின் ஓய்வதில்லை. மற்ற மாதங்களில் அவளுடைய வாய் ஓய்வதில்லை. மகள் ஹிமாயா பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலம், வீட்டுச் சுவர் யன்னல் மட்டத்துக்கு எழும்பியிருந்த நேரத்தில், அவளுடைய புருஷன் வியாபாரம் என்று பொத்துவிலுக்குப் போனான். அங்கேயே இன்னொரு கலியாணம் முடித்துக்கொண்டான். அரைச் சுவரோடு வளவை விற்றுவிட்டுத் தம்பி வீட்டோடு போய்ச் சேர் என்று எல்லோரும் புத்தி சொன்னார்கள்.

"உட்டுட்டுப் பெய்த்தது அவன்தானே, சுவர் இஞ்சதானே நிக்கிது" என்றாள் சுல்பிகா.

அதன் பிறகு அந்தச் சுவர் அவளுடைய ஊசி முனையில்தான் வளர்ந்தது. ஆள் கிடைக்காத நாளில் தானே சீமெந்து குழைத்தாள். மேசன் ஒரு யன்னலைக் கோணலாக வைத்துவிட்டு "கண்ணுக்குத் தெரியாது தங்கச்சி" என்று சமாளித்தபோது, அதை உடைத்துத் திரும்ப வைக்கும்வரை அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கவில்லை. அந்த மேசன் இன்றைக்கும் அவளைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவான்.

இவ்வளவு பாடும் எதற்கு? எங்கள் கரையில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவான். வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளையும் இல்லை. இது சரியா பிழையா என்று மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும். பேசி முடித்துவிட்டு, தங்கள் மகனுக்குப் பெண் பார்க்கும்போது அவர்களும் வீடு எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.

வீடு முடிந்தது. வீட்டு ஒப்புப் பத்திரம் ஹிமாயாவின் பெயரில் எழுதியாயிற்று. வெள்ளை அடித்து, கதவுக்கு நீலப் பெயின்ற் பூசி, சுல்பிகா தன் மெஷினோடு பின்பக்கத் தகரக் கொட்டிலுக்குக் குடிபோனாள். மாப்பிள்ளையும் பேசியாயிற்று. சாய்ந்தமருதுப் பொடியன், அஸ்கி என்று பெயர், மருந்துக் கடையில் வேலை. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு கலியாணம் என்று இரு பக்கமும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதுவரை வீடு பூட்டிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் றிபாஸ் வந்து சேர்ந்தான்.

றிபாஸ் எங்கள் ஒழுங்கைப் பையன்தான். கலியாண வீடுகளில் கெமராவைத் தூக்கிக்கொண்டு ஓடித் திரிகிறவன். பிரியாணிச் சகன் தட்டையும் மணமக்களையும் எடுத்து எடுத்து அலுத்துப்போய், சொந்தமாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று நின்றான்.

"மாமி, ஊடு சும்மாதானே கிடக்கு. கொஞ்ச நாளைக்குத் தாங்களன். அந்தக் கிணறும் வெள்ளச் சுவரும் எனக்கு அப்பிடியே வேணும்."

கிணறு பழையது. கடல் பொங்கி வந்து முன்னைய வீட்டைக் கொண்டுபோன அன்று தப்பியது அது ஒன்றுதான். உயரமான கட்டு, பாசி பிடித்த கப்பி. தண்ணீரோ இன்றைக்கும் தேன்.

"என்ன படம்?" என்று கேட்டாள் சுல்பிகா.

"ஜின் படம்."

அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். "எப்பிடிப்பட்ட ஜின்?"

அவன் கதையைச் சொன்னான். தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண். அவளுடைய வீட்டை அபகரிக்க உறவுக்காரர் நிற்கிறார்கள். அந்த வீட்டுக் கிணற்றடியில் ஒரு ஜின் இருக்கிறது. ஸலாம் சொல்லாமல் வாசற்படி ஏறாத ஜின். கள்ளன் வந்தால் கதவைத் தாழிடும், பெண் அழுதால் விளக்கை ஏற்றி வைக்கும், விடிகாலையில் ஸுபஹுக்கு முகட்டில் நின்று தொழும்.

"நல்ல ஜின்தானே?"

"நல்ல ஜின் மாமி. காவல் ஜின்."

"அப்ப வரட்டும்" என்றாள். அவள் யாருக்கும் அவ்வளவு லேசில் கதவு திறக்கிறவள் இல்லை. அந்தக் கதை அவளுக்குப் பிடித்துவிட்டது. ஏன் பிடித்தது என்று எனக்குத் தெரியும். அரைச் சுவரோடு அவள் தனியாகக் கிடந்த காலத்தில் கள்ளன் வந்தால் கதவைத் தாழிட அவளுக்கு ஒரு ஜின்னும் இருக்கவில்லை.

ஜின்னாக நடிக்க வந்தவன் பிரசாந். சொறிக்கல்முனைப் பையன், சந்தையில் போன் திருத்துகிறவன். நெட்டையென்றால் அப்படியொரு நெட்டை. வாசல் நிலையில் தலை இடிக்கும். அவனுக்கு அளவெடுத்து வெள்ளை ஜுப்பா தைத்துக் கொடுத்தாள் சுல்பிகா. ஸலாம் சொல்லவும் அவள்தான் பழக்கினாள். பிரசாந் ஒவ்வொரு முறையும் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போவான். கெமரா ஓடும்போதும் அப்படியே செய்தான்.

"ஜின்னுக்கு என்னடா செருப்பு?" என்று றிபாஸ் தலையில் கையை வைத்தான்.

"வெள்ளச் சுவர், புது நிலம் அண்ணன். மிதிக்க மனம் வரல்ல."

"விடுடா" என்றாள் சுல்பிகா. "மரியாத தெரிஞ்ச ஜின். அப்பிடியே இரிக்கட்டும்."

அப்படியே இருந்தது. படத்தின் முதல் பாதி முழுக்க ஜின் செருப்பைக் கழற்றுகிறது, ஸலாம் சொல்கிறது, பதில் வந்த பிறகு படி ஏறுகிறது. சொன்னால் சிரிப்பீர்கள். பார்த்தால் சிரிப்பு வராது.

பாதிப் படம் முடிந்திருந்த நேரத்தில் பிரசாந்துக்குக் கட்டார் விசா வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் விசா வந்தவனை மறிக்க ஜின்னாலும் முடியாது. அடுத்த கிழமையே போய்விட்டான். ஜுப்பா மட்டும் கொடியில் தொங்கியது.

றிபாஸ் கைக்கு அகப்பட்ட றிஸ்மியைப் பிடித்து அதே ஜுப்பாவுக்குள் போட்டான். றிஸ்மி இறைச்சிக் கடையில் நிற்கிற பிள்ளை. கட்டை, நல்ல பருமன். ஜுப்பா அவனுடைய காலுக்குக் கீழே இழுபட்டது. அதுவாவது பரவாயில்லை. முதல் பாதியைப் பார்த்த யாரோ, பயம் போதாது, ஜின் படமென்றால் சனம் அலற வேண்டும் என்று றிபாஸின் காதில் ஓதியிருக்கிறார்கள். அவனும் கேட்டுக்கொண்டான். சுல்பிகா வெளியூரில் தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்த நாட்களில் இரண்டாம் பாதியை எடுத்து முடித்தான். வந்து பார்த்தபோது ஜுப்பாவின் கரை கிழிந்து சேறு பட்டிருந்தது. ஓடி விளையாடியிருப்பான்கள் என்று நினைத்துக் கழுவிப் போட்டாள்.

படத்தை ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காட்டினார்கள். நானும் சுல்பிகாவும் ஹிமாயாவும் பெண்கள் பக்கத்தில் முன்வரிசை. முதல் பாதியில் என் பக்கத்தில் இருந்த பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். ஜின் செருப்பைக் கழற்றும்போது சுல்பிகா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

இடைவேளைக்குப் பிறகு அதே ஜின் வந்தது. அரை ஆள் உயரம் குறைந்து வந்தது. கண்ணில் சிவப்பு, காலில் சலங்கை. ஸலாமும் இல்லை, செருப்பும் இல்லை. கதவை உதைத்துக்கொண்டு வந்தது. முதல் பாதியில் தொழுத ஜின் இரண்டாம் பாதியில் கோழியைப் பச்சையாகக் கடித்தது. கடைசியில் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் குடிவந்த மாப்பிள்ளையைக் காலில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் தள்ளியது. ஏன் தள்ளியது என்று படம் எடுத்தவனுக்கும் தெரியாது. இழுக்கும்போது ஜின்னின் கையில் மணிக்கூடு மின்னியது.

சனம் முதலில் அலறியது, பிறகு விழுந்து விழுந்து சிரித்தது. சுல்பிகா சிரிக்கவில்லை. திரையில் இருந்தது அவளுடைய நீலக் கதவு. அவளுடைய கிணறு. மாப்பிள்ளை செத்துக் கிடந்தது ஹிமாயாவின் வளவில்.

அன்றைக்கே றிபாஸ் படத்தை இணையத்திலும் போட, பேஸ்புக்கில் கிண்டல் தொடங்கிவிட்டது. இடைவேளையில் ஜின் கழுவிச் சுருங்கிப்போச்சுதாம். மணி பார்த்துத்தான் பலி எடுக்குமாம். முழு ஊரும் அந்த ஜின்னை ஒரு பொய் ஜின் என்று சொல்லிச் சிரித்தது. அதே ஊர் மறுநாள் காலையில் சுல்பிகாவின் வீட்டு வாசலுக்கு வரப் பயந்தது! எனக்கு இதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. அபாயாவுக்கு அளவு கொடுக்க வந்த ஒருத்தி கேற்றுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றாள்.

"அப்ப ரோட்டுல நிண்டு அளவு குடு" என்று டேப்பை எடுத்துக்கொண்டு போனாள் சுல்பிகா. "கைய நல்லா விரிகா. போறவாற ஆக்களும் பாக்கட்டும்."

அந்தப் பெண் அளவும் கொடுக்காமல் நடையைக் கட்டினாள்.

கட்டாரில் இருந்து பிரசாந் போன் எடுத்தான். குரல் அழுகிற மாதிரி இருந்தது. "நான் ஒருத்தரயும் தள்ளல்ல மாமி. என்ட ஜின் அப்பிடிச் செய்யாது."

"எனக்குத் தெரியும் மகன். நீ சாப்புட்டயா?" என்றாள்.

பிறகு வந்ததுதான் இடி. மாப்பிள்ளையின் உம்மா சபியா உம்மா, கலியாணம் பேசி முடித்த தரகுப் பெண்ணிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: அந்த வீட்டில் மகனை விட ஏலாது. வேறு வீடு பாருங்கள். இல்லையென்றால் ஓதுகிற ஒருவரைக் கூப்பிட்டு ஜின்னைக் கலைத்து, மூலைக்கு மூலை தண்ணீர் தெளித்து, கிணற்றை மூடுங்கள். அதுவரை கலியாணப் பேச்சு வேண்டாம்.

சபியா உம்மா கெட்ட மனுஷி இல்லை. ஒரே மகன். குடிவருகிறவன் அவன். அந்த வீட்டில் படுத்து எழும்பப் போகிறவன் அவன். பெண் போய் வாழ்கிற ஊரில் என்றால் பெண்ணின் வீட்டில் ஆயிரம் ஜின் இருந்தாலும் மாப்பிள்ளையின் தாய்க்கு என்ன கவலை? எங்கள் வழக்கத்தில் படத்து மாப்பிள்ளை விழுந்த கிணறு அவளுடைய மகனின் கிணறாகப் போகிறது. பயம் வரத்தான் செய்யும்.

நானும் சொன்னேன், பொய் சொல்லமாட்டேன். "ஒரு நாள் ஓதினா முடிஞ்சிரும் கா. ஓதுறது நல்லம்தானே. ஏன் புடிவாதம்?"

"ராத்தா, யாஸீன் ஓதட்டும். பரக்கத்துக்கு ஓதட்டும். நான் பாய் விரிக்கன், சோறு ஆக்கிப் போடுறன். ஜின்னக் கலைக்க ஓத உடமாட்டன். கலைச்சா ஜின் இருந்த எண்டு நானே ஒத்துக்கிட்ட மாதிரித்தானே? ஜின் இல்லையெண்டு நான் செல்லல்ல. குர்ஆன்ல இரிக்கி. என்ட ஊட்டில இல்லையெண்டுதான் செல்றன்."

அன்று தாயும் மகளும் குசினிக்குள் சண்டை பிடித்தது மதில் தாண்டி எனக்குக் கேட்டது. ஹிமாயா அழுதாள். அஸ்கியை அவளுக்குப் பிடித்திருந்தது. அதில் ஒரு குற்றமும் இல்லை.

"ஒரு நாள் ஓதினா என்ன உம்மா? ஒங்களுக்கு ஒங்கட ஊடுதான் பெரிசு."

"என்ட ஊடா?" சுல்பிகாவின் குரல் உடைந்தது. அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "நான் தகரத்துக்குக் கீழ கிடக்கன் புள்ள. ஒப்புல ஆர்ர பேர் இரிக்கி? நாளைக்கு ஒனக்கு ஒரு காய்ச்சல் வந்தா ஜின் எண்டுவாங்க. புள்ள புறக்கக் கொஞ்சம் பிந்தினா ஜின் எண்டுவாங்க. காலம் முழுக்க ஜின் கலைச்ச ஊட்டுக்காரியாத்தான் நீ இரிக்கப் போறாய். அதுக்கா நான் இத கட்டின?"

ஹிமாயா குசினிக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள். அந்தக் கிழமை முழுக்கத் தாயோடு அவள் முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை.

சுல்பிகா நேரே றிபாஸின் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். இவள் கையை நீட்டிவிட்டால் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே.

"செல்லு. கிணத்தடியில இரிக்கிற எந்த ஜின்? செருப்பக் கழட்டினதா, கோழி கடிச்சதா?"

"ரெண்டும் ஒண்டுதான் மாமி. கெரக்டர் கொஞ்சம் மாறிட்டு."

"ஒரு மனிசன் கெட்டுப்போறதெண்டாலும் ஒரு காரணம் வேணும்டா. தேத்தண்ணி குடிச்சி வாறதுக்குள்ள எப்பிடிக் கெட்ட? ஸலாம் செல்லி வந்தத நீ கொலகாரன் ஆக்கிட்டாய். ஒனக்கு அது பாவமாத் தெரியல்லியா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்காக மட்டும் அவள் கோபப்படவில்லை. தான் உடுப்பாட்டி அனுப்பிய அந்த முதல் ஜின்னுக்காகவும் கோபப்பட்டாள். அதற்கு ஒரு அநியாயம் நடந்துவிட்டது என்று நினைத்தாள். றிபாஸ் தலையைக் குனிந்துகொண்டு, படத்தை இணையத்திலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னான்.

"எடுக்காத" என்றாள். "எடுத்தா, பயத்தில எடுத்த எண்டுவாங்க. என்ட வளவுக்கு வந்து, எல்லாரும் பாக்கக் காட்டு."

"அந்த ஊட்டுலயா மாமி?"

"அந்தக் கிணத்தடியிலதான்."

அன்று பின்னேரமே திரீவீலரைப் பிடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனாள். சபியா உம்மா கதிரை போட்டாள், இவள் இருக்கவில்லை.

"வெள்ளிக்கிழம பொழுதுபட, மஃரிபு தொழுதிட்டு வாங்க. வந்து பாருங்க. மாட்டன் எண்டா, என்ட முகத்தப் பாத்து மாட்டன் எண்டு செல்லுங்க. ஆள்ட செல்லி அனுப்ப வேணாம்."

அஸ்கி உள் கதவடியில் நின்றான். அவன் வாயைத் திறக்கவில்லை. சுல்பிகா அவனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தாள். "வாயில்லாத புள்ள" என்று திரீவீலரில் வரும்போது எனக்குச் சொன்னாள்.

திரைக்குத் துணி வேண்டும் என்றான் றிபாஸ். சுல்பிகா கொடியிலிருந்த ஜுப்பாவை எடுத்துத் தையல் தையலாகப் பிரித்தாள். கை, முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் பிரித்துப் பரத்தி, யன்னல் சீலைக்கு வாங்கியதில் மிஞ்சிய துணியை இரு பக்கமும் வைத்து மூட்டினாள். இரண்டு ஜின்னும் போட்டுத் திரிந்த அந்த ஜுப்பாவிலேயே ஜின்னைக் காட்டப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் ஒழுங்கை முழுக்கப் பேச்சு. பயந்தவர்களும் வராமல் இருக்க முடியாதபடி செய்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வளவு நிறைந்தது. கிணற்றுக்குப் பக்கத்தில் இரண்டு கமுகங்கழி நட்டு, திரை கட்டியிருந்தது. மரவள்ளி அவித்து, கட்டாக் கருவாட்டுச் சம்பல் இடித்து வைத்திருந்தோம். சபியா உம்மா வந்தாள். ஆனால் கேற்றைத் தாண்டவில்லை. ஒழுங்கையில் கதிரை போடச் சொல்லி, வெளியே இருந்தே பார்த்தாள். அஸ்கி அவளுக்குப் பின்னால் நின்றான். ஹிமாயா வீட்டுக்குள்ளே, யன்னல் சீலைக்குப் பின்னால்.

முதல் பாதி ஓடியது. பிரசாந் அந்த நீலக் கதவடியில் செருப்பைக் கழற்றினான். திரைக்கு அந்தப் பக்கம் அதே நீலக் கதவு. இடைவேளையில் எல்லோருக்கும் இஞ்சித் தேத்தண்ணீர் கொடுத்தோம். குடித்தார்கள். குடித்து முடிந்த பிறகு சுல்பிகா கேட்டாள்:

"தேத்தண்ணி எப்பிடி?"

"நல்லம்" என்றார்கள்.

"அந்தக் கிணத்துத் தண்ணிதான்."

ஒருத்தி கோப்பையைக் கீழே வைத்தாள். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இரண்டாம் பாதி தொடங்கியபோது சனத்துக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. திரையில் ஜின் மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறது, அதே கிணற்றுக் கட்டின்மேல் றிஸ்மி ஏறி இருந்து மரவள்ளி தின்கிறான். "தள்ளினது போதும், எனக்கும் ஒரு துண்டு தாடா" என்று யாரோ கத்தினார்கள். றிஸ்மி வெட்கப்பட்டு மணிக்கூட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டான். அதற்கும் ஒரு சிரிப்பு.

விளக்குப் போட்டதும் சிரிப்பு அடங்கியது. எல்லோரும் கேற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். சுல்பிகா அங்கே போனாள்.

"பாத்தீங்கதானே?"

"பாத்தன்" என்றாள் சபியா உம்மா. குரல் தணிந்துதான் இருந்தது. "எல்லாம் விளங்குது மச்சி. பொய்தான். ஆனாலும் பெத்த வயிறு கேக்குதில்ல. மனம் ஆற ஒருக்கா ஓதிக் கலைச்சிருவம். ஆருக்கும் தெரியாம செய்வம். ஞாயிற்றுக்கிழமையே கலியாணக் காவின எழுதிருவம்."

கையில் கிடைத்த கலியாணம். இவள் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் பின்னால் நின்று அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

சுல்பிகா என் கையைத் தட்டிவிட்டாள்.

"தெரியாம செய்யிறதுக்கு நான் ஒரு களவும் செய்யல்ல. இந்த ஊட்டில கலைக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. கல்லு இரிக்கி, சீமெந்து இரிக்கி, என்ட கண்ணுப் பார்வ இரிக்கி. மனம் ஆறல்லியெண்டா ஒங்கட மகன் வர வேணாம் மச்சி. நான் கோவிக்கமாட்டன்."

இவ்வளவு பேருக்கு முன்னால் மகளின் கலியாணத்தை முறித்துவிட்டாளே என்று அந்த நிமிடத்தில் எனக்கு அவள்மேல் ஆத்திரம்கூட வந்தது.

அப்போது யன்னல் சீலைக்குப் பின்னால் இருந்து ஹிமாயாவின் குரல் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது.

"உம்மா செல்றது சரி. பயந்து பயந்து ஆரும் என்ட ஊட்டில குடியிரிக்க வேணாம்."

சுல்பிகா திரும்பி யன்னலைப் பார்த்தாள். என் ஊடு என்று மகள் சொன்னதை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை, நின்றாள்.

சபியா உம்மா எழும்பினாள். போகத்தான் எழும்பினாள் என்று நினைத்தேன். அவளுக்குப் பின்னால் நின்ற அஸ்கி அவளைச் சுற்றிக்கொண்டு கேற்றுக்குள்ளே வந்தான்.

"மகன்!" என்றாள் தாய்.

அவன் நிற்கவில்லை. கதிரைகளுக்கு நடுவால் நடந்து, நீலக் கதவடிக்கு வந்தான். செருப்பைக் கழற்றினான். ஓரமாகச் சேர்த்து வைத்தான். நிமிர்ந்து, வளவு முழுக்கக் கேட்க, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான்.

வளவில் ஒரு சிரிப்பும் இல்லை. அவன் படி ஏறாமல் நின்றான். பதிலுக்காக நிற்கிறான் என்று சுல்பிகாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றாள்.

அதன் பிறகுதான் அவன் படி ஏறினான். முன்னறையைக் கடந்து, பக்கக் கதவால் இறங்கிக் கிணற்றடிக்குப் போனான். றிஸ்மி கிணற்றுக் கட்டை விட்டுக் குதித்து வழிவிட்டான். அஸ்கி வாளியை இறக்கி அள்ளினான். முதலில் தானே கையில் ஏந்திக் குடித்தான். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு கேற்றடிக்கு வந்து, தாயின் காலடியில் வைத்தான்.

"இன்னும் இஷாத் தொழுக தொழல்லியே உம்மா. வுழுச் செஞ்சிட்டு உள்ளுக்கு வாங்க. நான் இஞ்சதான் இரிக்கப் போறன்."

சபியா உம்மா மகனைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குனிந்து கையைக் கழுவினாள், முகத்தைக் கழுவினாள். கால் கழுவிய ஈரத்தோடு கேற்றுக்குள்ளே வந்தாள்.

றிபாஸ் எங்கிருந்தோ கெமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். சுல்பிகா அவனைப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றான்.

"கெமராவ அங்கால வை. மாப்புளட செருப்ப எடுத்துக் கதவுக்கு உள்ளுக்கு வை" என்றாள். "இனி அது வெளிய கிடக்கிற செருப்பில்ல."